‘கை இருக்கா?’ன்னு கேட்ட அட்டைத் துண்டு

பாபு,

இந்தக் கவரை உங்கம்மா புளிசாதப் பொட்டலத்துக்கு அடியில வெச்சிருப்பா. முதல்ல சாப்பிட்டுடு. இதைப் படிச்சப்புறம் உனக்குச் சோறு எறங்குமோ எறங்காதோ, எனக்குத் தெரியல. ஹைதராபாத் வண்டியில பக்கத்து சீட்டுக்காரன் எட்டிப் பார்ப்பான். பார்த்தா பார்க்கட்டும், ஏழு வருஷமா ஒளிச்சு வெச்சது போதும். நான் ஐ.டி.ஐ. படிச்ச எலக்ட்ரீஷியன், லெட்டர் எழுதிப் பழக்கம் இல்லாதவன், பேசற மாதிரியேதான் எழுதறேன். நேர்ல சொல்லியிருக்கலாமேன்னு நினைப்ப. மூணு நாளா உன் முன்னாடி வந்து வந்து நின்னேன். "இன்னாப்பா?"ன்னு கேட்ட. "பெட்டிக்குப் பூட்டு வாங்கிட்டியா?"ன்னு கேட்டுட்டுத் திரும்பிட்டேன். அவ்ளோதான் என் தைரியம்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை உன் சட்டையெல்லாம் மடிச்சுக்கினு இருந்தப்ப உங்கம்மா உன்னைக் கேட்டாளாம். "ஏண்டா, பிள்ளைப்பாக்கத்துப் பசங்க எல்லாம் வூட்டு வாசல்லயே கம்பெனி பஸ் ஏறுதுங்க. நீ மட்டும் இன்னாத்துக்குடா சிவில் படிச்சுட்டு, எவனோ கட்டற கட்டடத்துக்குக் காவலா ஊர் விட்டு ஊர் போற?" அதுக்கு நீ, "மெஷின் பக்கமே நான் போக மாட்டேம்மா. ஒருத்தர் கையைப் போக்கினது போதும்"னு சொன்னியாம். ஏதோ உளர்றன்னு அவ விட்டுட்டா. ரெண்டு நாள் கழிச்சு, எனக்குச் சோறு போடறப்ப பேச்சுவாக்குல சொன்னா. நான் கையைக் கழுவிட்டு எழுந்துட்டேன். "குழம்புல உப்பு ஜாஸ்தியா?"ன்னு கேக்கறா பாவம். நீ அதையெல்லாம் எப்பவோ மறந்திருப்பன்னு இத்தனை வருஷம் நான் நிம்மதியா தூங்கிக்கினு இருந்தேன் பாரு, என்னை எதால அடிக்கிறது?

சுத்தி வளைக்காம சொல்லிடறேன். நம்ம மாடி ரூம் இசக்கி அண்ணன் கை போனதுக்கு நீ காரணம் இல்ல. நான்தான் காரணம். உன் மனசைத் தேத்தறதுக்காக அப்பா பழியை வாங்கிக்கிறாருன்னு நினைச்சிடாத. அப்படிப்பட்ட நல்லவன் இல்ல நான். நடந்ததை வரிசையா சொல்றேன், படிச்சுட்டு நீயே பாரு.

நீ ஆறாவது படிச்ச வருஷம் எங்க கம்பெனியில புதுசா ஒரு பிரஸ் மெஷின் வந்துச்சு. கார் கதவுக்குள்ள வர்ற தகட்டை அழுத்தி வளைக்கிற மெஷின். அதுக்கு மூளையா ஒரு பெட்டி, பி.எல்.சி.ன்னு பேரு. மெஷினை மாட்ட வந்த என்ஜினியர் மெயிண்டனன்ஸ் ஆளுங்க எங்களை உக்கார வெச்சு மூணு நாள் பாடம் எடுத்தாரு. கம்ப்யூட்டர்னா பக்கம் பக்கமா இங்கிலீஷ்ல அடிக்கணும்னு பயந்துக்கினு போனவன் நான். அங்க பார்த்தா எல்லாம் கட்டம் கட்டமா படம். ஒரு கட்டம் கேள்வி கேக்கும், ‘பெடலை மிதிச்சாங்களா?’ மிதிச்சா அடுத்த கட்டம் கேக்கும், ‘கை உள்ள இருக்கா?’ இல்லன்னா அதுக்கடுத்த கட்டம், ‘எறங்கு’. கட்டத்துக்குப் பக்கத்துல கட்டமா அடுக்கினா போதும், அவ்ளோ பெரிய இரும்பு அதும்படி ஆடுது. சந்தோஷத்துல எனக்குத் தலைகால் புரியல. அட, இதை என் பையன் பத்து நிமிஷத்துல கத்துக்குவானேன்னு ஓடி வந்தேன். உங்க ஸ்கூல்ல கம்ப்யூட்டர் ரூமைப் பூட்டியே வெச்சிருப்பாங்க, வாரத்துக்கு ஒரு தடவை செருப்பைக் கழட்டிட்டுத் தொட்டுப் பார்த்துட்டு வரணும். வூட்டுல வாங்க நமக்கு வக்கு இல்ல. அதனாலதான் பேரிங் வர்ற அட்டைப்பெட்டியைக் கொண்டாந்து துண்டு துண்டா வெட்டினேன்.

ஞாபகம் இருக்கா உனக்கு? மஞ்சள் துண்டு கேள்வி. பச்சைத் துண்டு வேலை. சிவப்பு நில்லு. நீலம்னா மறுபடி மேலேர்ந்து. கேள்வித் துண்டுக்கு ஓரத்துல ஒரு பல்லு, வேலைத் துண்டுக்கு அதுக்கேத்த பள்ளம், தப்பாச் சேர்த்தா சேராது. ஒரு வாரத்துல தெருப் பசங்க பாதி நம்ம வூட்டு மொட்டை மாடியிலதான் கிடந்தாங்க. அவங்களுக்கு மெஷின் யாரு? இசக்கிதான். மாடி ரூம்ல அவங்க ஊர்ப் பசங்களோட வாடகைக்கு இருந்தான், சங்கரன்கோவில் பக்கம், இருபத்திரெண்டு வயசு. எங்க கம்பெனியிலயே கான்ட்ராக்ட்ல பிரஸ் ஓட்டறவன். ஒரு நாள் ஒரு பொண்ணு சிவப்புத் துண்டை வைக்க மறந்துட்டா. அவன் பாட்டுக்கு நடந்து போயி, துணிக்கொடியை அறுத்துக்கினு, உங்கம்மா காய வெச்ச வடாம் மேல போய் விழுந்தான். அவ கரண்டியை எடுத்துக்கினு வர்றா. இவன் படுத்துக்கினே, "மதினி, எம்மேல தப்பு இல்ல. நில்லுன்னு துண்டு வைக்கல, மெஷினு எப்படி நிக்கும்? சொன்னதத்தான செய்யும்!"ங்கறான். அவ்ளோ கோவத்துலயும் அவ சிரிச்சுட்டா. நீ மட்டும் சிரிக்கல. குனிஞ்சு அந்தத் துண்டுங்களையே பார்த்துக்கினு இருந்த. எந்த எடத்துல சிவப்பு வரணும்னு விரல் வெச்சுக் காட்டின. இவனுக்கு என்னை விட மூளைன்னு அன்னைக்கு எனக்குக் கர்வம்.

இப்ப கம்பெனிக்குள்ள நடந்தது. அந்தப் பிரஸ்ஸுக்கு ரெண்டு பக்கமும் சென்சார் கண்ணு இருக்கும். உள்ள கை இருந்தா மெஷினை எறங்க விடாது. ஆனா எண்ணெய் தெறிச்சுத் தெறிச்சுக் கண்ணு மங்கிடும். கையே இல்லாதப்பவும் கை இருக்குன்னு மெஷின் நின்னுடும். அரை மணிக்கு ஒரு தடவை தொடைக்கணும். பொங்கலுக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப சூப்பர்வைசர் என் தலை மேல வந்து நின்னாரு. "லைன் நிக்குதுய்யா, என்னால மேல பதில் சொல்ல முடியல, ஏதாவது பண்ணு." நான் மெஷின் ஒயரெல்லாம் சேர்ற பேனலைத் திறந்து சாண் நீளத்துக்கு ஒரு ஒயரை ரெண்டு முனைக்கும் நடுவுல போட்டேன். அதுக்கப்புறம் கண்ணு என்ன பார்த்தாலும் சரி, பெட்டிக்குப் போற பதில் ஒண்ணுதான்: கை இல்ல. எங்க தொழில்ல இதுக்கு பைபாஸ்னு பேரு. அவசரத்துக்குப் போடுவாங்க, போட்டவன் ஷிப்ட் முடியறதுக்குள்ள எடுத்துடணும். புதுக் கண்ணு வரட்டும், எடுத்துக்கலாம்னு விட்டேன். புதுக் கண்ணு வந்து ஸ்டோர்ல கிடந்துச்சு. லைன் நல்லா ஓடிக்கினு இருந்துச்சு. யாரும் கேக்கல, நானும் எடுக்கல.

உன் முழுப்பரீட்சை லீவு வந்தது அதுக்கப்புறம்தான். சித்திரை வெயில்ல மாடியில தண்ணி தெளிச்சுட்டு நீங்க பிரஸ் விளையாட்டு கண்டுபிடிச்சீங்க. ரெண்டு கட்சி. ஒருத்தன் கடாய் மூடியை வெச்சுக்கினு பிரஸ், இன்னொருத்தர் சோடா மூடியை உள்ள வைக்கணும். துண்டுங்க சொல்றபடி மூடி எறங்கணும், எவன் ஜாஸ்தி அழுத்தறானோ அவன் ஜெயிச்சான். உன் கட்சியில பென்னலூர் அத்தை பையன் பிரஸ், இசக்கி ஆப்பரேட்டர். முதல் ஆட்டத்துல தோத்துட்டீங்க. நீ ஓரமா போயி ஒரு துண்டை வெட்டி, மஞ்சள் பூசி, ‘கை இல்ல’ன்னு எழுதி எடுத்தாந்து, ‘கை இருக்கா?’ துண்டு இருந்த எடத்துல சொருகின. அத்தை பையன் அதுக்கப்புறம் எதையும் பார்க்கல. மூடி டக்கு டக்குன்னு எறங்குது. இசக்கி விரல்ல ஒண்ணு விழுந்துச்சு, "எம்மா, கையப் பிச்சிட்டாம்லா!"ன்னு அவன் உதற, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கறீங்க. நீ ஜெயிச்சுட்டு என்கிட்ட ஓடி வந்த. "அப்பா, கேள்வியே கேக்காம பதிலை வெச்சுட்டேன்பா!"

அந்த ஒயர் இன்னும் அங்கதான் இருக்குன்னு அந்த நிமிஷம் நினைச்சேன். பதினோரு வயசுப் பையன் விளையாட்டுக்கு வெட்டின துண்டும், நாப்பது வயசுக்காரன் வேலைக்குப் போட்ட ஒயரும் ஒண்ணுதான்னு புரிஞ்சுது. அப்பவாவது உன்னை உக்கார வெச்சு, "கண்ணு, விளையாட்டுல மூடி, நெஜத்துல இரும்பு, இந்தத் துண்டை மட்டும் வைக்கவே கூடாது"ன்னு சொல்லிட்டு, சைக்கிளை மிதிச்சுக்கினு போயி ஒயரை உருவியிருக்கலாம். நான் என்ன பண்ணேன்? உன்னைத் தூக்கித் தோள்ல உக்கார வெச்சு, "பலே! நாளைக்கே கம்பெனியில சொல்றேன் பாரு, பாபு ஐடியாவைப் போட்டா லைன் பறக்கும்னு!" ஊரே கேக்கற மாதிரி கத்தினேன். உறுத்தினதை மறைக்கச் சிரிச்சேன், அவ்ளோதான். அந்த வார்த்தை உன் தலையில போய் உக்காரும்னு எனக்கு எங்க தெரிஞ்சுது.

அதுக்கு ஆறாம் நாள், முதல் ஷிப்ட், டீ வண்டி வர்ற நேரம். தகடு கோணலா உக்கார்ந்துடுச்சுன்னு இசக்கி வலது கையை உள்ள விட்டிருக்கான். கால் பெடல் மேலயே இருந்திருக்கு. சத்தம் கேட்டு நான் ஓடினேன். மூணு விரல். அதுக்கு மேல எழுத மாட்டேன். ஆனா ஒண்ணை எழுதித்தான் ஆகணும். அவனை எல்லாரும் வேன்ல ஏத்திக்கினு இருந்தப்ப நான் அவன் பக்கத்துல இல்ல. பேனலைத் திறந்து ஒயரை உருவிப் பாக்கெட்ல போட்டுக்கினு இருந்தேன். முதல்ல என் கை போன எடம் அதுதான்.

நாலு நாள் கழிச்சு ஆபீஸ்ல கூப்பிட்டு ஒரு பேப்பரை நீட்டினாங்க. வேகமா ஓட்டணும்னு ஆப்பரேட்டரே சென்சாரைத் திருப்பி வெச்சிருந்தாரு, நான் கண்ணால பார்த்தேன்னு எழுதியிருந்துச்சு. படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். உன் படிப்பு, வூடு, எல்லாம் மனசுல ஓடுச்சுன்னு சொல்லலாம். ஓடல. மாட்டிக்கக் கூடாதுன்னு ஒண்ணுதான் ஓடுச்சு. அவனை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. தன் கையைத் தானே கெடுத்துக்கினவன்னு பேர் வெச்சு ஊருக்கு அனுப்பினாங்க.

ஊருக்குப் போறதுக்கு முன்னாடி, ஆஸ்பத்திரியிலேர்ந்து அவன் கட்டோட மாடி ரூமுக்குத் திரும்பி வந்த அன்னைக்கு, நான் சட்டையைக் கழட்டிக்கினு இருந்தேன். நீ கதவுகிட்ட நின்ன. "அப்பா, என் துண்டைக் கம்பெனியில போட்டீங்களா?" இல்லடான்னு ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா அடுத்தது என்ன கேப்பன்னு எனக்குத் தெரியும், ‘அப்புறம் எப்படிப்பா ஆச்சு?’ன்னு கேப்ப. உன்கிட்ட என்னால பொய் சொல்ல முடியாது, சொன்னாலும் நீ கண்டுபிடிச்சுடுவ. அதனால, "போய்ப் படிக்கிற வேலையைப் பாரு"ன்னேன். நீ போனப்புறம் கொல்லைப் பக்கம் புகை வந்துச்சு. எட்டிப் பார்த்தா நீ வெந்நீர் அடுப்புல துண்டுங்களை ஒவ்வொண்ணா போட்டுக்கினு இருக்க. நான் தடுக்கல. நின்னு பார்த்தேன். கேக்கறவன் இனிமே கேக்க மாட்டான்னு எனக்கு நிம்மதியாக் கூட இருந்துச்சு. த்தூன்னு துப்பு என் மேல, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

அதுக்கப்புறம் தெருப் பசங்க வந்து கூப்பிட்டாங்க, நீ போகல. ஒன்பதாவதுல உங்க கம்ப்யூட்டர் சார் என்னை பஸ் ஸ்டாண்டுல பார்த்து, "உங்க பையன் மட்டும் கீபோர்டைத் தொடவே மாட்டேங்கறான் சார், ஆனா மத்த பசங்க தப்பு பண்ணா பின்னாடி நின்னுக்கினு கரெக்டா சொல்றான்"னாரு. கூச்ச சுபாவம் சார்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். பாலிடெக்னிக்ல நீ சிவில் எடுத்தப்ப சொந்தக்காரங்க கேட்டதுக்கெல்லாம், அவனுக்கு மெஷின்ல இஷ்டம் இல்லன்னு நானே பதில் சொன்னேன். உனக்கு இருந்த இஷ்டம் எனக்குத் தெரியாதா? மொட்டை மாடியில குனிஞ்சுக்கினு இருந்த அந்தத் தலை என் கண்ணுலயே நிக்குதுடா. ஒருத்தன் விரலைத்தான் எடுத்தேன்னு நினைச்சேன். உன்கிட்டேர்ந்தும் எடுத்திருக்கேன்.

புத்தி சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. இருந்தாலும் பெத்தவன், ஒண்ணு சொல்லிடறேன். சைட்டுல சாரம் கட்டறப்ப, தூண் ஊத்தறப்ப, எவனாவது ‘இன்னைக்கு மட்டும் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்’னு வருவான். நீயே கூட ஒரு நாள் பண்ணிடுவ, மனுஷன்தானே. பண்ணா அன்னைக்கே சொல்லிடு. வேலை போனா போகுது. நான் மறுநாள் சொல்லிக்கலாம்னு தள்ளினேன், அது ஏழு வருஷம் ஆயிடுச்சு. இன்னொண்ணு, நாளைக்கு உனக்குக் குழந்தைங்க பொறந்து, இந்த மாதிரி துண்டு வெச்சு விளையாடினா தடுக்காத. அந்த விளையாட்டு மேல ஒரு தப்பும் இல்ல. அது சொன்னதைத்தான் செஞ்சுது.

மதுரையில ஒரு கல்யாணம்னு போன வாரம் போனேனே, கல்யாணம் எதுவும் இல்ல. இசக்கியைப் பார்க்கத்தான் போனேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சைக்கிள் ஸ்டாண்டு பார்த்துக்கிறான். இடது கையால டோக்கன் எழுதிக்கினு இருந்தான். என்னைப் பார்த்ததும், "வாங்க அண்ணாச்சி, மதினி சொகமா?"ன்னு ஸ்டூலைத் தொடைச்சுப் போட்டான். உக்கார முடியல என்னால. ஒயர் போட்டது நான், உன் மேல கையெழுத்துப் போட்டதும் நான்னு நின்னுக்கினே சொன்னேன். அவன் தலையைத் தூக்காம, "அது அப்பமே தெரியும் அண்ணாச்சி. பேனலு தெறந்து கெடந்தப்ப ஒயரைப் பாத்தேன். அண்ணாச்சி போட்டதுன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்"னான். ஏண்டா யார்கிட்டயும் சொல்லலன்னு கேட்டேன். "சொன்னா யாரு கேப்பா, நான் கான்ட்ராக்ட்காரன்"னான். திட்டல. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். அப்புறம் கேட்டான், "தம்பிகிட்ட சொல்லிட்டியளா?"

எதுக்கு இவன் உன்னைக் கேக்கறான்னு எனக்குப் புரியல. உள்ள போயி ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாந்து என் கையில குடுத்தான். பூரா இன்லேண்ட் லெட்டரு. உன் கையெழுத்து. ஊருக்குப் போறப்ப உங்கம்மாகிட்ட அவன் குடுத்துட்டுப் போன அட்ரசுக்கு, வருஷத்துக்கு ஒண்ணு. முதல் லெட்டர்ல எழுத்தெல்லாம் பெருசு பெருசா கோணலா இருக்கு. ‘இசக்கி அண்ணா, என் ஐடியாவாலதான் உங்க கை போச்சு. அப்பாவைத் திட்டாதீங்க. அவர் மேல தப்பு இல்ல. நான்தான் அதைச் சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க.’ எல்லா லெட்டர்லயும் அந்த ஒரு வரி இருக்கு பாபு. அப்பாவைத் திட்டாதீங்க. போன மாசம் ஹைதராபாத் போறேன்னு எழுதினியே, அதுலயும் இருக்கு. சைக்கிள் விட வந்தவங்க எல்லாம் பார்க்க நடுரோட்டுல அழுதேன்.

இசக்கி சொன்னான்: "நீ காரணம் இல்லலேன்னு அவன் பள்ளிக்கூடத்து அட்ரசுக்கு ரெண்டு மட்டம் எழுதிப் போட்டேன். நம்ப மாட்டேங்கான். நீங்க நல்லவரு, அதான் அப்படிச் சொல்றீங்கன்னு திருப்பி எழுதுதான். பொறவு யாருதான் காரணம்னு கேக்கான். அவன் அப்பாவைப் பத்தி அவன்கிட்ட நான் என்னத்த அண்ணாச்சி எழுத?"

திங்கக்கிழமை கம்பெனியில நடந்ததை எழுதிக் குடுக்கப் போறேன், லேபர் ஆபீஸுக்கும் ஒரு காப்பி. அவன் பேர்ல இருக்கற பழி போகணும். எனக்கு என்ன ஆகும்னு நீ கவலைப்படாத, அம்மாகிட்ட இன்னைக்கு வண்டி கிளம்பினதும் சொல்லிடுவேன். என் மேல உனக்குக் கோவம் வரும். வரட்டும். எத்தனை வருஷம் வேணும்னாலும் வெச்சுக்கோ, போன் பண்ணாட்டாலும் நான் கேக்க மாட்டேன். ஆனா ஹைதராபாத் போய்ச் சேர்ந்ததும் இசக்கி அண்ணனுக்கு ஒரு லெட்டர் போடு. இந்தத் தடவை மன்னிப்பு கேக்காத. சௌக்கியமா இருக்கீங்களான்னு கேட்டு எழுது.

அப்பா